இருபத்திநாலு மணிக்கூர்

ஈஸ்டர் கழிந்தால்
கல்யாண வீடியோ வெட்டுகிறவனுக்கு உறக்கம் இல்லை.
போன வருஷம் புதுக்கடைப் பெண்ணொருத்திக்கு
மாலை போடும் இடத்தில்
தொண்ணூற்றெட்டு டிகிரி ஏறி
பெட்டி அணைந்தது.
மறுபடி போட்டேன். மறுபடி அதே மாலை.
கழுத்துக்கு நாலு விரல் இருக்கையில்
மூன்று தடவை நின்றுபோனது.

அன்றைக்கு முடிவுசெய்தேன்: தண்ணீர்.

பலகை அயினி.
குளச்சலில் வள்ளத்துக்கு அறுத்ததில் மிஞ்சிய துண்டு,
உப்பைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்ட மரம்.
ரேடியேட்டர், மார்த்தாண்டம் ஆக்கர் கடையில்,
ஏதோ பழைய காரின் ஹீட்டருக்குள் இருந்தது.
இந்த வெயிலில் யார் ஹீட்டர் போட்டிருப்பார்கள்?
பித்தளை, புத்தம்புதுசு,
ஒருநாள்கூட வேலைபார்க்காமல் ஓய்வுபெற்றது.

செம்புக் குழாய் மாஹீன் கொண்டுவந்தான்,
திருவிதாங்கோட்டில் ஏசி மாட்டுகிறவன்.
"தண்ணியையும் கரண்டையும்
ஒரே பெட்டிக்குள்ள குடிவைக்கப் போறியா,
உனக்கு வட்டாடே?"
கேட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றினான்.

வெறும் குழாயை வளைத்தால் நசுங்கும்.
மணவாளக்குறிச்சிக் கறுத்த மணலை
சட்டியில் வறுத்து ஈரம் போக்கி
தட்டித் தட்டி உள்ளே நிறைத்து
முழங்காலில் வைத்து அமுக்கினோம்.
வளைவு வந்தது.
மணல்தான் போகமாட்டேன் என்றது.
ஏழு தடவை அலசியும்
காந்தத்தை நீட்டினால் கறுப்பு மீசை முளைக்கும்.
பதினோராவது அலசலில்
காந்தம் வெறுங்கையோடு திரும்பியது.

மோட்டார் அதிராமலிருக்க
அடியில் புகைபோட்ட ரப்பர் ஷீட், இரண்டு மடிப்பு.
சுபிலா மூக்கைப் பொத்தினாள்,
"பிள்ளைக்குப் பால் வாடையே மறந்துபோவும்."
கிராபிக்ஸ் கார்டு நாலு மில்லிமீட்டர் நீளம் கூட.
உளி எடுத்தேன், கூடுதலாகவே எடுத்துவிட்டேன்.
அந்தப் பக்கம் இப்போது சுவரைப் பார்க்கிறது.

பிறகு கசிவுச் சோதனை.
போர்டுக்குக் கரண்ட் கிடையாது, மோட்டாருக்கு மட்டும்.
பச்சைக் கம்பியையும் கறுப்பையும்
ஒரு காகித ஊக்கால் கூட்டிவிட்டேன்.
பாட்டரிக் கடையில் வாங்கிய தண்ணீர்
குமிழ் விட்டு, இருமி, ஓட ஆரம்பித்தது.
பதினாலு மூட்டுக்கும் அடியில்
பதினாலு டிஷ்யூ காகிதம்.
இருபத்திநாலு மணிக்கூர்.

ராத்திரி இரண்டே முக்கால்.
ஆறாவது காகிதத்தில்
கொத்தமல்லி விதை அளவுக்கு ஈரம்.
கால் திருகு முறுக்கி
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

பத்தொன்பதாவது மணியில் கரண்ட் போனது.
மோட்டார் ஓடாத நேரத்தைக் கணக்கில் சேர்க்கலாமா,
மாஹீனை அழைத்துக் கேட்டேன்.
"ஒறங்குடே" என்று வைத்துவிட்டான்.
சேர்க்கவில்லை.

சனிக்கிழமை ராத்திரி எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுத்தேன்.
சோதிக்க, அதே புதுக்கடைக் கல்யாணம்.
ஐம்பத்தெட்டு டிகிரி.
மாலை கழுத்தில் விழுந்தது.
அவள் சிரித்ததை அப்போதுதான் பார்க்கிறேன்,
முன்வரிசைப் பல் ஒன்று லேசாக ஏறியிருக்கிறது.
அறையில் சத்தமே இல்லை.
கருங்கல் சந்தைப்பக்கம் ஒரு லாரி ரிவர்ஸ் எடுப்பது
இங்கே வரை கேட்டது.

ஜெஃப்ரின் விழித்து அழ ஆரம்பித்தான்.

பால் கொடுத்தாள். தொட்டிலை ஆட்டினாள்.
தோளில் போட்டு மாடிப்படி ஏறி இறங்கினேன்.
பூச்சி கடித்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம்.
ஒரு மணிக்கு சுபிலாதான் சொன்னாள்:
"பொறந்த நாள் மொதல்
அந்த எரைச்சல்லதான ஒறங்குது."

ஆக்கருக்கு ஒதுக்கிய சாக்கைக் கவிழ்த்து
பழைய விசிறிகளில் பெரியதை எடுத்தேன்,
ஒரு இதழ் முனை உடைந்தது, அதிகம் உறுமுவது.
ரூட்டர் அடாப்டரின் வாலை அறுத்துக் கொடுத்து
தொட்டில் கம்பியில் கட்டினேன்.
இரண்டு நிமிஷம். வாய் திறந்தபடி உறங்கிவிட்டான்.

அது சுவரைப் பார்த்து
எதையும் குளிர்விக்காமல் சுற்றுகிறது.
நான் அடுத்த கல்யாணத்தைத் திறக்கிறேன்.
பதிமூன்று காகிதத்தை எடுத்துவிட்டேன்.
ஆறாவது அப்படியே கிடக்கட்டும்.