முப்பத்தெட்டு

இந்த வேலையில் விரலுக்குத்தான் கண்.
தோள்வரை சேற்றில் கை விட்டு,
கண்டல் வேர்களின் இடுக்கில் தடவித் தடவி
எடுக்க வேண்டும் கறுப்புச் சிப்பியை.
வாயில் சுருட்டு. கொசுவுக்காக.
ருசிக்காக இல்லை என்று நான் சொன்னால்
யோமைரா சிரிப்பாள்.

எஸ்மெரால்தாஸ் கரையில் கணக்கெல்லாம் நூறு நூறாய்.
ஒரு வற்றத்துக்கு மூன்று நூறு எடுத்தவள் நான்.
பள்ளிச் சீருடை, பல் பிடுங்கிய கூலி,
அடகில் முழுகிய தையல் மெஷின்:
எதற்கும் சிப்பியில் விலை சொல்வேன்.

பிறகு மஞ்சள் இயந்திரம் வந்தது.
கரை எழுந்தது. காடு சதுரமானது.
வரைபடத்தில் பச்சை இருந்த இடமெல்லாம் நீலம்.
நண்டு எங்கே போகும் என்று கேட்டேன்.
'நீலம் என்றால் தண்ணீர்தானே அம்மா' என்றார்
அலுவலகத்தில் ஒருவர், தலை நிமிராமல்.
இப்போது இரவெல்லாம் துடுப்புச் சக்கரங்கள்
குளத்தை அடித்துக்கொண்டே இருக்கின்றன,
இறாலுக்கு மூச்சு முட்டக் கூடாதாம்.

மிச்சம், வேலிக்கு அப்பால் ஒரு கீற்று.
வேலிக்குக் காவல் என் தம்பி எவுலோஹியோ.
கம்பெனிச் சட்டை, கம்பெனி நாய், கம்பெனித் துப்பாக்கி.
மாதம் பத்துத் தோட்டா.
ஒன்றும் செலவாகவில்லை என்றால்
'தூங்கினாயா' என்று கேட்கிறார்கள்.
ஆகவே நான் வரும் நாளில் வானத்தைச் சுடுவான்.
கொக்குகள் கலையும். நான் குனிவேன்.
நாய்க்கு என்னைத் தெரியும்,
அதுவும் கடமைக்குக் குரைத்து வைக்கும்.

ஞாயிறுகளில் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.
அவன் இறால் கொண்டுவருவதில்லை.
நான் கேட்டதும் இல்லை.

நேற்று முப்பத்தேழு.
ஓதம் முழங்காலைத் தொட்டுவிட்டது.
கடைசியாக ஒருமுறை கரையோரம் துழாவினேன்,
அவன் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நேர் கீழே.
உருண்டையாய் ஒன்று. வழவழப்பு. மேலே வரி இல்லை.
விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது.
இருந்தும் சேறு அப்பி, கூடையில் போட்டேன்.

வியாபாரி பார்த்து எண்ணுகிறவன் இல்லை.
மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே
இரண்டிரண்டாய்த் தள்ளினான் சாக்குக்குள்,
முப்பத்தெட்டுக்குக் காசு கொடுத்தான்.

கீத்தோவில் இந்நேரம் யாரோ
எலுமிச்சை பிழிந்து வைத்துவிட்டு
கொதிக்கும் பாத்திரத்தின் முன் நிற்கலாம்,
எல்லாம் திறந்துவிட்டன,
அது மட்டும் ஏன் இன்னும்
வாய் திறக்கவில்லை என்று.