இருபது ஆம்ப் ஃபியூஸ்

முதலில் பலகை மேல் போர்வையைப் போடு என்றாள் டெஸ்லி.
நாம் செய்வது இப்போதைக்குச்
சூரியனுக்குத் தெரிய வேண்டாம்.

கூபர் பீடிக்கு வடக்கே, நாய்வேலியின் ஓரம்,
லேண்ட்க்ரூசர் வாயைப் பிளந்து நிற்கிறது.
டிங்கோக்கள் தெற்கே இறங்காமல் பார்த்துக்கொள்ள
எங்களுக்குச் சம்பளம்.
ஆளுக்கொரு குறடு, மூன்று சுருள் கம்பி,
பதினாலு நாள் சோற்றுக்கு ஒரு குளிர்பெட்டி.

போன ஜூலையில் அந்தப் பெட்டிதான்
வண்டியைச் சாகடித்தது.
இரவெல்லாம் முனகி முனகி
இருந்த ஒரே பேட்டரியை உறிஞ்சிவிட்டது.
காலையில் சாவியைத் திருப்பினேன்.
டிக்.
அவ்வளவுதான் அது பேசியது.
விதைநெல்லைக் குத்திப் பொங்கித் தின்றுவிட்டு
ஏரோடு வயலுக்கு வந்தவன் மாதிரி நின்றேன்.

மூன்று நாள்.
பெட்டியை அணைக்கச் சொன்னேனே என்றாள்.
உள்ளே இருந்த பியர் யாருடையது என்றேன்.
அதற்குமேல் நான் சொன்னதை
இங்கே எழுத மாட்டேன்.
பிறகு பொருள்களைப் பற்றி மட்டும் பேசினோம்:
தண்ணீர் கேன், டின் திறப்பான், தார்ப்பாய்.
மூன்றாம் நாள் சாயங்காலம்
மாட்டுப்பண்ணை டோல்ஹர்ஸ்ட் வந்தார்,
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல் கேபிளை மாட்டினார்.

இப்போது பேட்டரி இரண்டு.
ஒன்று கிளப்ப. ஒன்று செலவழிக்க.
நடுவே ஐசோலேட்டர்:
எஞ்சின் ஓடினால் இரண்டையும் சேர்க்கும்,
நின்றால் பிரித்துவிடும்.
ஒரே வீட்டில் இரண்டு உலை என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
பல்லிடுக்கில் திருகாணி இருந்தது.

பேட்டரியை முதலில் ரெகுலேட்டரோடு சேர்,
பலகையைக் கடைசியில்.
பென்சிலில் எழுதி வைத்திருந்தாள்,
கடைசியில் என்பதன் கீழ் இரண்டு கோடு.
சேஸிஸில் பெயின்ட்டைச் சுரண்டி
இரும்பு பளபளக்கும் வரை தேய்த்தேன், எர்த்துக்கு.
வியர்வை இறங்கிய இடமெல்லாம்
செம்புழுதி சேறானது.
ஈ ஒன்று கண்ணில் குடிபுகப் பார்த்தது.
கையெடுக்க வழியில்லை,
கேபிளைப் பிடித்திருந்தேன்.

உச்சிவேளை. போர்வையை உருவினாள்.
ரெகுலேட்டரின் சின்ன ஜன்னலில்
பூஜ்ஜியம்.

முனைகளை முறுக்கினோம். சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில்.
மல்டிமீட்டரில் பலகை இருபத்தொரு வோல்ட் காட்டியது.
பேட்டரி பன்னிரண்டு புள்ளி இரண்டு.
தலைக்கு மேல் அத்தனை வெயில்,
வண்டிக்குள் சொட்டு இறங்கவில்லை.
டெஸ்லி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
ஜூலையின் பார்வை.

முகம் துடைக்கக் கைக்குட்டை தேடினேன்.
சட்டைப்பையில் விரல் பட்டது
மஞ்சளாய், நகமளவு,
இருபது ஆம்ப் ஃபியூஸ்.
புழுதியில் தொலைந்துவிடுமே என்று
பத்திரமாக நானே போட்டது.

ஒரு நொடி யோசித்தேன், மறைக்கவில்லை:
மண்ணில் நழுவவிட்டு, குனிந்து,
அட, இங்கே கிடக்கிறதே என்றால்?

உள்ளங்கையை நீட்டினேன்.
எடுத்தாள். கூட்டில் அழுத்தினாள்.
எட்டு புள்ளி நான்கு ஆம்ப்.

எங்கிருந்தோ ஒரு காகம் வந்து
பலகை மேல் உட்கார்ந்தது.
மூன்று புள்ளி ஒன்று.
தொப்பியை விட்டெறிந்தாள்.
எட்டு புள்ளி நான்கு.
தொப்பியை எடுக்கப் போனவள்
அங்கிருந்தே, வேலியைப் பார்த்தபடி,
அன்றைக்கு அந்த பியர் என்னுடையதுதான்
என்றாள்.

இரவு இரண்டு மணி. கூடாரத்துக்கு வெளியே
குளிர் பல்லைக் கிட்டுகிறது.
பெட்டி முனகுகிறது,
தனக்கென்று அளந்ததைத் தின்றுகொண்டு.
டார்ச்சோடு போய்ப் பார்த்தேன்:
மற்றது பன்னிரண்டு புள்ளி ஏழு,
ஒரு மணி குறையவில்லை.

சாவி துவாரத்தில் இருந்தது.
திருப்பவில்லை.
சும்மா தொட்டுவிட்டு
வந்து படுத்தேன்.