பகுதி

நாடுகளின் பெயரைச் சொல்ல மாட்டேன்.
ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில்
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம்.
வேலை இதுதான்:
ஒவ்வொரு நாட்டிலும்
முழுநேர வேலைக்காரர்களைச் சம்பள வரிசையில் நிறுத்து.
நட்டநடுவில் நிற்கிற ஆளைப் பிடி.
அவரைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்குகிறவர்கள்
நூற்றுக்கு எத்தனை பேர், எண்ணு.
நீலப் பட்டை போடு.
வியாழன் மாலைக்குள் அனுப்பு.

மாரத்தஹள்ளி, ஏழாம் மாடி.
கீழே வெளிவட்டச் சாலையில்
தண்ணீர் லாரி ஒன்று முக்கால் மணி நேரமாக
ஒரே விளம்பரப் பலகைக்கடியில் நின்று
தார்மேல் சொட்டுகிறது.

அ நாட்டின் பட்டை குட்டை.
"பாவம்" என்றான் ஷமந்த், என் தோளுக்கு மேலிருந்து.
பாவமெல்லாம் இல்லை ஷமந்த்.
அங்கே நடு ஆளே உயரத்தில் நிற்கிறார்.
குப்பை அள்ளுகிறவர் கை நீட்டினால்
பல் மருத்துவரின் தோளைத் தொட்டுவிடலாம்.
அதற்கு மேலே ஒன்றரை மடங்கு எழும்ப
கூரையில் இடம் கொஞ்சம்தான்.

இ நாட்டின் பட்டை நெட்டை.
"சூப்பர்" என்றான்.
அந்த நாட்டு நடு ஆளை நான் பார்த்தேன்,
ஒரு கட்டத்துக்குள் ஒரே ஓர் எண்ணாக.
அவரைத் தாண்ட
ஒரு முக்காலி போதும்.
இந்த உயரம் மேடல்ல, பள்ளத்திலிருந்து அளந்தது
என்று அடிக்குறிப்பு எழுதினேன்.
இடமில்லை என்று அழித்தான்.
நல்லவன்தான்.
மார்கழியில் அவரேகாளு உப்புமா கொண்டுவந்தால்
எனக்கும் இரண்டு கரண்டி.

பிறகு இந்த ஊர்க் கோப்பு.
பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி,
கீழே இருப்பது பகுதி.
எல்லோரும் மேலேயே பார்க்கிறார்கள்.
கீழே யாரைச் சேர்த்தோம், யாரை விட்டோம்
என்பதில்தான் கணக்கே கிடக்கிறது.

வாசல் காவல் திப்பேசாமி
பகலில் எங்கள் கேட்,
இரவில் எதிர் அபார்ட்மென்ட் கேட்.
சாலையைக் கடந்து சட்டை மாற்ற
போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம்.
மிச்சம் இருபத்து மூன்று மணி இருபது நிமிடமும்
சீருடையில்தான்.
தூக்கம் நாற்காலியில்.
ஏஜென்சி ஆள் என்பதால்
அவர் முழுநேரம் இல்லை.

வடிகட்டியைப் போட்டேன்.
முழுநேரம்: ஆம்.
வரிசைகள் சரசரவென்று சுருங்கின,
வெந்த கீரை மாதிரி.
மாதிரிக்கு எடுத்த நிறுவனங்களில்
எங்களுடையதும் ஒன்று.
ஷமந்த் இருந்தான். கோட்டுக்கு மேலேயே இருந்தான்.
சும்மா என் எண்ணையும் தட்டிப் பார்த்தேன்.
பொருந்துவது எதுவும் இல்லை
என்றது திரை.

சரிதான்.
பதினொரு மாத ஒப்பந்தம்,
இது மூன்றாவது பதினொன்று.
நடு ஆள் வேண்டாம்,
கடைசி ஆளாகவாவது நிற்கலாமென்றால்
அதற்கும் முதலில் வரிசைக்குள் விட வேண்டும்.
பட்டைகளுக்கு நீலம் பூசி
ஐந்து ஐம்பதுக்கு அனுப்பினேன்.

கிருஷ்ணராஜபுரத்தில் மாரிக்குப்பம் ரயில்.
யாருடைய டிபன் கேரியரோ முதுகில் அழுத்துகிறது.
இந்தப் பெட்டியைச் சம்பள வரிசையில் நிறுத்தச் சொன்னால்
முடியாது, நகர இடம் வேண்டுமே.
விடிகாலை இருட்டில் ஏறியவர்கள்,
இருட்டிலேயே இறங்கப் போகிறவர்கள்.
நேரத்தைப் பொறுத்தவரை
எல்லோரிடமும் முழுசாக இருக்கிறது.

மாலூரில் கூட்டம் கொஞ்சம் உதிர்ந்தது.
மூன்று பேர் பலகையில்
மருந்துக்கடைச் சீருடைப் பெண் ஒருத்தி
இடுப்பை நகர்த்தி என்னைப் பார்த்தாள்.
மேலே நான்கு, கீழே மூன்று.
உட்கார்ந்தேன், பாதி உடம்பு நடைவழியில்.

"டெய்லியா?"
"டெய்லி."
"கம்பெனி ஸ்டாஃபா?"

டேக்கல் தாண்டும்வரை
அதற்கோர் அடிக்குறிப்பு
யோசித்துக்கொண்டிருந்தேன்.