பதினோரு நாள்

படிவம் ஏழு பக்கம்.
கேள்விக்கு ஐந்து வட்டம்.
ஒன்று என்றால் 'இன்னும் பழகவில்லை',
ஐந்து என்றால் 'தனியாக விடலாம்'.
நடுவில் மூன்று,
யாருக்கும் நோகாத எண்.
இதுவரை என்னிடம் பயிற்சிக்கு வந்த ஆறு பேருக்கும்
அதைத்தான் அதிகம் கறுப்பாக்கியிருக்கிறேன்.

கெமி நகரக் குழந்தைநல அலுவலகம்,
மாலை நாலரை.
உறைந்த கடலை உடைத்துக்கொண்டு
எங்கோ ஒரு கப்பல் போகிறது.
மேசையில் கரண்டி மட்டும் லேசாக அதிர்கிறது.
வியாழக்கிழமை மூன்று மணிக்கு
பல்கலைக்கழகத்திலிருந்து ரெய்யா திரையில் வருவாள்.
வென்லாவும் நானும் அருகருகே உட்கார்ந்து
அவளுக்கு எண்களை வாசிக்க வேண்டும்.

'உறவை ஏற்படுத்தும் திறன்.'

தீனாவின் வீட்டில்
பையன் ஒன்னி சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்தான்.
நான் குளிர்பெட்டியைத் திறந்து
பால் இருக்கிறதா, தேதி தாண்டியதா பார்த்தேன்.
வென்லா கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றிப்
பையில் போட்டாள்,
மேசைக்கு அடியில் போனாள்.
இருபது நிமிடம்.
இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.
அவள் பாதம் மட்டும் வெளியே நீட்டியிருந்தது,
பெருவிரல் பக்கம் ஓட்டை.
பிறகு ஒன்னியின் குரல்:
"உன் காலுறைக்குப் பசிக்குது போல,
வாயத் திறந்து வெச்சிருக்கு."
கொஞ்சம் கழித்து,
"எனக்கும்தான்."

கோப்பில் பசி என்ற சொல்
அங்கேதான் முதல்முறை வருகிறது.
அதற்கு முன் நான் எழுதிய நாலு அறிக்கையில்
'ஊட்டச்சத்துக் குறைபாடு குறித்த கவலை' இருக்கிறது.

நான்கு போடட்டுமா, ஐந்தா?
அட்டையைக் கழற்றியது விதிமீறல்.
அதற்கும் ஒரு கேள்வி உண்டு, நான்காம் பக்கத்தில்.

ஐந்தாம் பக்கம்:
'பதிவுகளின் துல்லியம்.'

ஒன்னியை அவசர இல்லத்துக்குக் கொண்டுபோன பிறகு
தாயோடு பேசித் திருப்பி அனுப்பும் கூட்டம்
மார்ச் ஆறாம் தேதி.
வென்லா தட்டியது பதினேழு.
தீனாவுக்குப் போன கடிதம் பதினேழு என்றது,
அவள் பதினேழுக்கு வந்தாள்,
தலையைச் சீவி, கடன் வாங்கிய கோட்டில்.
பதினோரு இரவு
பையன் தெரியாத போர்வைக்குள்.
ஒன்பதாம் இரவைப் பற்றி அந்த இல்லத்தின் குறிப்பு
ஒரே வரி: 'படுக்கை மாற்றப்பட்டது.'

மாணவர் தனக்குத்தானே எண் போடும் தாளில்
இந்தக் கேள்விக்கு வென்லா ஒன்று போட்டிருக்கிறாள்,
தாள் மறுபக்கம் புடைக்கும்படி அழுத்தி.
உறவுக் கேள்வியில் எந்த வட்டமும் இல்லை.
ஓரத்தில் 'தெரியல' என்று எழுதியிருக்கிறாள்.

பதினேழு எங்கிருந்து வந்தது?
கணினியின் பழைய தடங்களைத் தேடினேன்.
அந்த நிமிடம் அவள் திரையில்
இன்னொரு குடும்பத்தின் கோப்பும் திறந்திருந்தது.
அவர்களுடைய தேதி பதினேழு.
அதைத் திறக்கச் சொன்னவள் நான்.
"போறதுக்கு முன்னாடி இதையும் முடிச்சிடேன்,"
கோட்டில் கையை நுழைத்தபடி.

மறுநாள் காலை எட்டு ஐம்பத்திரண்டுக்கு
அவள் பதிவின் கீழ் என் ஒப்புதல்.
மாணவர் எழுதியது
வழிகாட்டி கையெழுத்திடாமல் செல்லாது.
காபி சொட்டி முடிப்பதற்குள்
நான் அதைச் செல்லுபடியாக்கியிருக்கிறேன்.

ஏழு பக்கத்தையும் புரட்டினேன்.
எனக்கு வட்டம் இல்லை.
கடைசியில் பெயர், பதவி, கையெழுத்து,
அவ்வளவுதான்.

'இதர கருத்துகள்' பெட்டியில்
இருநூற்றைம்பது எழுத்துக்கு மேல் ஏறாது.
அவளுக்கு இரண்டு போட்டுவிட்டு எழுதத் தொடங்கினேன்,
கூட்டத்தைப் பற்றி, கோப்புகளைப் பற்றி, கோட்டைப் பற்றி.
பெட்டி நின்ற இடம்:
'தேதியை நானும் பார்த்தேன், பார்க்காமலேயே கையெ'

அழித்தேன்.
முதலிலிருந்து, சின்னதாக:
'தவறு இரண்டு பேருடையது. கீழே உள்ள கையெழுத்தைப் பார்க்கவும்.'
அனுப்பவில்லை, சேமித்தேன்.

விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தால்
நடைவழிக் கடைசியில் வென்லா,
முதுகு எனக்கு,
காதுக்கும் தோளுக்கும் நடுவே தொலைபேசி,
யாருடைய அம்மாவிடமோ சொல்லிக்கொண்டிருக்கிறாள்:
"பதினெட்டு.
இல்லை இல்லை, எழுதிக்கோங்க.
ஒன்று.
எட்டு.
இப்ப நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க."