வாகனத்தின் நிறம்

சம்மாந்துறை ஆலைக் கொட்டிலில்
உமிக்குள் கழுத்தளவு நின்றது.
"ஏ ஃபோட்டி, தங்கச்சி. ஓடாது.
ஆனா ஒரு சாமானும் களவு போகல்ல" என்றார்
மீராலெவ்வை முதலாளி.
பின் இருக்கையில் அடைகிடந்த கோழியை
விலையில் சேர்க்கவில்லை.
அதை இறக்கிவிட்டு
முட்டை ஆறையும் என் கையில் தந்தார்.

லொறியில் கட்டி ஆரையம்பதிக்குக் கொண்டு வந்த
வழியெல்லாம் உமி பறந்தது.
பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள்
கண்ணைத் துடைத்துத் துடைத்து ஏசினார்கள்.

காத்தான்குடி ஜவுபர் சுற்றிப் பார்த்தான்.
"ரெண்டே கிழமை. சுரண்டி, பட்டி வெச்சி,
செரிச் சிவப்பு அடிச்சித் தாறன்.
கலியாணத்துக்கு வாடகைக்கி உடலாம்."
வேண்டாம் என்றேன்.
"அப்ப இந்த ஊத்தையோடயா?"
ஊத்தை போகும், பழசு இருக்கும் என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.
எனக்கும் அன்று முழுதாக விளங்கியதென்று
சத்தியம் பண்ண மாட்டேன்.

குழந்தைச் சவுக்காரம் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீர்,
மகன் விட்டுப்போன பல் பிரஷ்,
கிழித்த சாறன் துண்டுகள்.
வங்கியால் வந்து
நுளம்பு கலைக்கும் வரை
ஒரு நாளைக்கு ஒரு சாண்.
முதலில் போனது உமித்தூசு.
மறுகா ஆலைப் புகை.
மறுகா பெயர் தெரியாத ஒரு மஞ்சள்.
எழுபத்தெட்டுச் சூறாவளியில் தென்னை விழுந்த பள்ளம்
கூரையில் ஒரு கோப்பைத் தண்ணீர் கொள்ளும்.
அதைத் தட்டி நிமிர்த்தவில்லை.
காலையில் காகம் குடிக்கிறது.

எல்லாவற்றுக்கும் கீழே பச்சை.
வயற்பச்சை அல்ல,
அவித்த கீரையை மறந்துபோய்
மூடி வைத்தால் வரும் பச்சை.
வலக் கதவின் விளிம்பில்
ஓட்டியவனின் முழங்கை உரசி உரசி
பச்சை போய், அடிச் சாம்பல் போய்
தகரம் மினுங்கியது.
என் முழங்கையை வைத்துப் பார்த்தேன்.
எட்டவில்லை.
நெடிய மனிசன்.

டச்பார் எரோல் செல்லர்
எஞ்சினுக்குள் தலையை விட்டபடி சொன்னார்:
"துருவைத் துரத்தாத பிள்ள. நிப்பாட்டு. போதும்."
ஆளிவிதை எண்ணெய் தொட்டுத் தடவினேன்.
துரு கருத்து, பாணி நிறத்தில் அடங்கிப்போய் நின்றது.

பிழை விட்டது இடக் கதவில்.
வெள்ளையாய் ஏதோ.
கோழி எச்சம் என்று நினைத்தேன்.
கரண்ட் போகிற நேரம், அவசரம்,
கொம்பவுண்ட் தொட்டு அழுத்தித் தேய்த்தேன்.
துணியில் வெள்ளை வந்தது.
டோர்ச் அடித்துப் பார்த்தபோது
கதவில் மிஞ்சியிருந்தது
யாரோ கையால் எழுதிய ஓர் எழுத்தும்
புள்ளி வைத்த இன்னொன்றும்:

கல்

மீதி என் துணியில்.
அந்தத் துணியை நான் இன்னும் தோய்க்கவில்லை.

"கல்லடி. பாலத்தடியில நிண்ட கார்," எரோல்.
"கல்முனை. வேறென்ன?" போனில் மீராலெவ்வை.
வாழைச்சேனையிலிருந்து வந்த மச்சாள்
கேட்கும் முன்பே கல்குடா என்றாள்.
பக்கத்து வீட்டு ரெண்டாம் வகுப்பு
எழுத்துக்கூட்டி, மூச்சு வாங்கி,
"கல்யாணம்" என்றது.
ஜவுபர் மட்டும்
"எந்த ஊரெண்டு நீங்க சொல்லுங்க,
நான் வடிவா எழுதித் தாறன்" என்றான்.

ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள்
கச்சேரிக்குக் கொண்டு போனேன்.
படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாய் இருந்தது.
கிளாக்கர் பேனையால் தட்டினார்.
"நிறம் போடல்லையே?"
நீங்களே வந்து பாருங்கோ என்றேன்.

பதினைந்து பேர் வரிசையில் நிற்க
எழும்பி வந்தார்.
"பச்சையோ?" ஒரு சுற்று.
"சாம்பலோ?" இன்னொரு சுற்று.
இடக் கதவில் விரலை வைத்துத் தேய்க்கப் போனார்.
ஐயோ, தேய்க்காதீங்க.
கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.
கொஞ்ச நேரம் குனிந்தே நின்றார்.
"கல்லாறு," என்றார், எனக்கு அல்ல.
"பெரியகல்லாறோ கோட்டைக்கல்லாறோ
எண்டுதான் தெரியல்ல."

உள்ளே போய்
பச்சை என்று எழுதி
ஒரு காற்புள்ளி போட்டு
பேனையை மூடினார்.