விடுகைப் பத்திரம்

அணிப் பட்டியலை நான் பென்சிலால்தான் எழுதுவது.
பேனையால் எழுதிய கடைசி வருடம்
ஜனவரியில் பன்னிரண்டு பெயர்,
ஏப்ரலில் ஏழு.

ஷெல்டன் ஒக்கஸைக் கொழும்பு கேட்டது:
விடுதி இலவசம், சப்பாத்து இரண்டு சோடி,
காலையில் முட்டை.
முட்டையை மட்டும் அவன் இரண்டு தரம் சொன்னான்.
யதுர்ஷனின் தகப்பன் கட்டாருக்குப் போக
தாயும் பிள்ளைகளும் வத்தளைக்கு வீடு மாறினார்கள்.
முஸ்னிக்குக் கண்டியில் ஒரு மாமா
திடீரென்று முளைத்தார்.

அதிபர் அறையில் எல்லாருக்கும் ஒரே மேசை,
ஒரே நீலத் தாள்.
'விலகக் காரணம்' என்ற கோட்டில்
எல்லாரும் எழுதுவது 'பெற்றோர் விருப்பம்'.
'நடத்தை' என்ற கோட்டை நிரப்பத்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.
நன்று என்று எழுதுவேன்.
இடது கையால் லே-அப் போட
எட்டு மாதம் எடுத்தான் என்று எழுத
அதில் இடமில்லை.

போகிறவன் பந்தை வைத்துவிட்டுப் போகிறான்,
ஆட்டத்தைக் கொண்டுபோய்விடுகிறான்.
எங்கள் சைகைகளுக்கு முதலில் வாவி மீன்களின் பெயர்.
கெளிறு என்றால் அடியால் வெட்டி உள்ளே போ.
திரளி என்றால் எல்லாரும் ஒரே பக்கம்.
மணலை என்றால் சும்மா நில், அவன் வரட்டும்.
கொழும்பில், காலிறுதியில்,
நான் "திரளி!" என்று கத்த
எதிரணிச் சட்டையில் நின்ற ஷெல்டன்
தன் ஆட்களுக்கு அதைச் சிங்களத்தில் விளக்கினான்.
பதினாறு புள்ளியால் தோற்றோம்.
இரவு ரயில் வெலிக்கந்தை தாண்டுகையில்
புதுப் பெயர்கள் வைத்தோம், பஸ் தரிப்புகள்:
நாவற்குடா. தாளங்குடா. கிரான்குளம்.
அடுத்தவன் போகும்வரை செல்லும்.

பழைய மாணவர் கூட்டத்தில்
கனடாவிலிருந்து ஒருவர் திரையில் வந்து
"பெடியங்களப் போகவிடக் கூடா" என்றார்.
எல்லாரும் கைதட்டினார்கள்.

ஆள் பிடிக்க நானும் போகிறவன்தான்.
கல்லாற்றில் ஒரு பெடியன்,
பதினைந்து வயதில் ஆறடி ஒன்று,
என்று மீன் ஏலம் கூறுகிறவர் சொன்னார்.
துஷிகாந்தின் தாயிடம் போய்ப் பேசினேன்.
விடுதி இல்லை, என் வீட்டு முன்னறை இருக்கிறது.
சப்பாத்து ஒரு சோடி, ஷெல்டன் விட்டுப்போனது, அளவு பன்னிரண்டு.
காலையில் முட்டை.
சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

வலைப்பந்துக் கம்பத்தில் பலகை அடித்து
அவனைப் பழக்கிய பத்திமலர் டீச்சர்
நீலத் தாளில் நடத்தையை நிரப்பிவிட்டு
பேனையை மூடாமல் என்னைப் பார்த்தார்.
"எங்களிட்ட இப்ப நாலு பேர்தான் சேர்."
ஐந்து பேர் வேண்டிய விளையாட்டு.
கொண்டுபோன புதுப் பந்தை நீட்டினேன்.
வாங்கினார். காற்றிருக்கிறதா என்று
பெருவிரலால் அமத்திப் பார்த்தார்.

அது போன வருடம்.

இன்று பயிற்சி முடிந்து
மற்றவர்கள் பணிசும் பிளேன்ரீயுமாய்க் கலைந்த பிறகு,
மழைத்தண்ணீர் வடியாத அந்த வலது மூலையில்
துஷிகாந்த் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.
"சேர், ஒரு கதை."
எனக்குத் தெரியும் அந்தக் கதை.
முதல் வரியும் தெரியும், முட்டையும் தெரியும்.
"கொழும்போ?"
பேசாமல் நின்றான்.
கல்லடிப் பாலத்தில் விளக்குகள் பற்றின.

"முதல்ல இடக்கையால பத்துப் போடு.
பிறகு சொல்லு."

போனைச் சப்பாத்துக்குள் வைத்துவிட்டு
வெறுங்காலோடு ஓடினான்.
ஒன்று. தவறியது. தவறியது. இரண்டு.
வளையத்தில் சுற்றி யோசித்து விழுந்தது மூன்று.
சப்பாத்துக்குள் போன் இரண்டு தரம் அதிர்ந்தது;
அவன் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.
எட்டோடு இருட்டிவிட்டது.
பலகை தெரியவில்லை, பந்து விழும் சத்தம் மட்டும்.

"மிச்சம் ரெண்டு" என்றேன்.
"நாளைக்குப் போடுறன் சேர்" என்றான்.

பட்டியலை எடுத்தேன்.
பென்சிலின் மறுமுனையில்
அழிறப்பர் தேய்ந்து தகரம் தெரிகிறது.