நிகர எடை

செவ்வாய்ப்பேட்டையில் ஆறு வருஷமாகக்
கொலுசுகளைப் படம் பிடிக்கிறேன்.
வெள்ளை அட்டை, இரண்டு விளக்கு,
சின்ன சென்சார் வைத்த கடைக் கேமரா.
திருகாணி தெரிய வேண்டும்,
சலங்கையை எண்ண வர வேண்டும்,
கால் மட்டும் இருக்கக் கூடாது.

இந்த வருஷம் சீட்டு எடுத்தேன்.
கொலுசு அல்லாத எல்லாவற்றுக்குமாக
ஒரு ஃபுல் ஃபிரேம்.

சூரமங்கலத்தில் கல்யாணப் படம் எடுக்கும் சகாயம்
தன் பழைய பாடியை விற்கிறார்.
முப்பத்தெட்டாயிரம் முறை திறந்து மூடிய ஷட்டர்.
அத்தனை தாலி, அத்தனை மெட்டி,
பந்தியில் பாதி மென்ற வாய்கள்.
"ராசியான கேமரா மேடம்,
இதுல எடுத்த ஜோடில
ரெண்டே ரெண்டுதான் கோர்ட்டுக்குப் போச்சு."

பாடி சரி. தினப்படிக்கு எந்த லென்ஸ்?
மூன்றை இரவல் தந்தார், ஞாயிறு சாயங்காலம் வரை.

மதிய இடைவேளையில்
கட்டி வெள்ளி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன்.
இருபத்துநாலு–எழுபது ஜூம்: எண்ணூற்று எண்பத்தாறு கிராம்.
முதலாளி துளசிராம் எட்டிப் பார்த்து
"ஒன்பது ஜோடி" என்றார்.
ஐம்பது: நூற்று அறுபது.
முப்பத்தைந்து: இருநூற்று எண்பது சொச்சம்.
கல் எடை, நூல் எடை கழித்து
நிகர எடை எழுதிப் பழகிய கை எனக்கு.
இதில் எதைக் கழிப்பது?

ஜூமைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
சனிக்கிழமை ஸ்கூட்டரில் ஏற்காடு.
இருபது கொண்டை ஊசியும் என் பிடரியில்தான் வளைந்தன.
மேலே போனால் மூட்டம்.
இருபத்துநாலில் வெள்ளை,
எழுபதிலும் அதே வெள்ளை.
லேடீஸ் சீட்டில் ஒரு நிமிஷம் திரை விலகி
கீழே சேலம் மொத்தமும் கிடந்தது,
மாக்னசைட் சுரங்கம் சுண்ணாம்பு சிந்தினதுபோல்.
லென்ஸைத் துடைத்து நிமிர்வதற்குள்
மறுபடி ஒன்றுமில்லை.
மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு இறங்கினோம்.

ராத்திரி ஐம்பதை மாட்டினேன்.
குகையில் எங்கள் வாடகை வீடு, கூடம் ஒன்பதடி.
பரணியும் தன்ஷிகாவும் தோசை சாப்பிடுகிறார்கள்.
ஓரடி பின்னால் போனேன், இன்னும் ஓரடி,
முதுகில் ஃபிரிட்ஜ் இடித்தது.
அப்போதும் மகளின் ஒரு பக்கச் சடை
படத்துக்கு வெளியே.
ஐம்பதுக்கு இன்னும் மூன்றடி வீடு வேண்டும்.

முப்பத்தைந்தில் எல்லாம் வந்துவிட்டது.
சிலிண்டர் குழாய், போன மாசம் கிழிக்காத காலண்டர்,
சார்ஜர் வயர், என் கட்டைவிரல் நுனிகூட.
முகம் பெரிதாக வேண்டுமென்றால்
நான்தான் கிட்டே போக வேண்டும்.
போனேன்.
பரணி தோசையை விட்டுவிட்டு
"என்ன, நான் கொலுசா?" என்று திரும்பிக்கொண்டார்.
ஆறு வருஷத்தில்
திரும்பிக்கொள்ளக்கூடிய எதையும்
நான் படம் பிடித்ததில்லை.

சகாயத்திடம் மற்ற இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன்.
"அம்பதுதான் மேடம் எல்லாரும் எடுப்பாங்க,
மூஞ்சி தனியா எடுப்பா நிக்கும்."
தெரியும்.
மூஞ்சிக்குப் பின்னால் இருப்பதற்கும் சேர்த்துத்தான்
வாடகை கட்டுகிறேன்.

பதினான்கு தவணை பாக்கி.

திங்கட்கிழமை டீ நேரம்.
பாலிஷ் போடும் தௌலத்
ஸ்டூல்மேல் கால் இரண்டையும் தூக்கிப் போட்டிருந்தாள்.
வீங்கின கணுக்கால், அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை.
குனிந்து ஒன்று எடுத்தேன்.
வாங்கிப் பார்த்துவிட்டு
"ஐயோ, வெரலெல்லாம் கறுப்பு, அழிச்சிருடி" என்றாள்.
அழிக்கவில்லை.
ஃபோகஸும் காலில் இல்லை,
பின்னால் ஆடை கட்டிக்கொண்டிருந்த
டீ கிளாஸில் போய் விழுந்திருந்தது.